நெடி போகும் வழி

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று சிம்னியை டேப் வைத்து அளந்தேன். அடுப்பிலிருந்து அதன் அடிவிளிம்பு 86 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலான கம்பெனிகளின் கையேடு 65 முதல் 75 செ.மீ. வரை என்கிறது. உயரம் கூடக் கூட, வாணலியிலிருந்து எழும் ஆவி பக்கவாட்டில் விரிந்து சிம்னிக்கு அகப்படாமல் நழுவிவிடும். நடுவில் யாராவது குறுக்கே போனால்கூடப் போதும், புகை திசை மாறிவிடும்.

உயரத்தை விடவும் பக்கவாட்டுக் கணக்குதான் மனசை உறுத்தியது. அடுப்பு 75 செ.மீ. அகலம், சிம்னி 90. நடுவுக்கு நடு பொருந்தியிருந்தால் இருபுறமும் ஏழரை செ.மீ. மிச்சம் இருக்கும். எங்கள் சிம்னியோ இடப்பக்கமாக 10 செ.மீ. தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது. வலது ஓரத்துப் பெரிய பர்னருக்கு மேலே பாதுகாப்பு முழுசாக இல்லை. தாளிப்பு, வறுவல், அப்பளம் எல்லாமே அந்தப் பர்னரில்தான்.

காரணம் நிமிர்ந்து பார்த்ததும் புரிந்தது. இரண்டு பக்க அலமாரிகளும் ஒரே அகலத்தில் தெரிய வேண்டும் என்று, வீட்டில் முன்பு இருந்தவர்கள் சிம்னியை அவற்றின் நடுவே வைத்துவிட்டார்கள். அடுப்பு எங்கே வரும் என்பதை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. சமையலறையை வாசலில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்காகவே அமைக்கிறார்கள். உள்ளே நின்று மூன்று வேளையும் மூச்சு விடுகிறவரை வைத்து அளப்பதில்லை. எனக்கு இது கோபம் வரவழைக்கிற விஷயம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. குளிர் மாதங்களில் இளைப்பு வரும். தாளிக்கும்போதெல்லாம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். "கூடத்துல இருக்கறவங்களுக்குக் கமறும்ல" என்பார். எத்தனை வீடுகளில் பெண்கள் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நெடியைத் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள்!

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, உயர்வெப்பத்தில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையை 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று கருதப்படுபவை அடங்கிய பிரிவு அது. அந்த அறிக்கை 2010-இல் வெளியானது. புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத சீனப் பெண்களிடம் கண்ட நுரையீரல் புற்றுநோய் குறித்த ஆய்வுகள் அதற்கு முக்கியமான ஆதாரம். நம் ஊரிலேயே, போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் பல்லாண்டுகளாக விறகடுப்புப் புகையையும் பெண்களின் உடல்நிலையையும் ஆராய்ந்து வருகிறார். கேஸ் அடுப்பு வந்ததும் விறகுப் புகை போயிற்று. எண்ணெய்ப் புகை அப்படியேதான் இருக்கிறது.

1950-களிலேயே ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு புகையில்லா அடுப்புக்காக உழைத்தார். 1980-களில் மத்திய அரசு அதை நாடு முழுக்க ஒரு திட்டமாகவே கொண்டுபோனது. நிறைய வீடுகளில் அந்த அடுப்புகள் நிலைக்காமல் போனதற்கு ஒரு காரணம், குழாயில் கரி அடைத்தபிறகு அதைப் பார்க்க ஆளில்லை என்பது. அடுப்பு நன்றாக இருந்தாலும் போகும் வழி அடைத்தால் புகை வீட்டுக்குள்தான். இதை நினைத்துக்கொண்டே, நம் சிம்னிக்கு வெளிப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் எனத் தீர்மானித்தேன்.

செப்டம்பர் 20, சனி

மெக்கானிக் தம்பி வந்தார். இதற்கு முன் வந்த ஒரு விற்பனையாளர், மெஷினை மாற்றிவிடுங்கள், இதைவிடப் பெரிய மோட்டார் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு அதில் சம்மதமில்லை. எங்கள் சிம்னி மணிக்கு 1,200 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 20. சமையலறையின் மொத்தக் காற்றே 22 கன மீட்டருக்குள்தான். பெட்டியில் போட்ட எண் குழாயின் தடை எதுவும் இல்லாத கணக்கு என்று வைத்துக்கொண்டாலும், அதில் பாதி வந்தாலே எங்களுக்குத் தாராளம்.

தம்பி மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே சுருங்கி விரியும் அலுமினியக் குழாய், அலமாரிக்குப் பின்னால் மூன்று இடத்தில் வளைந்து, நடுவில் தொய்ந்து கிடந்தது. தொய்வில் எண்ணெய் தேங்கிக் கறுத்திருந்தது. சுவர் ஓட்டையைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை, முகம் சுளித்தார்.

"அக்கா, ஆறு இஞ்ச் பைப்பை நாலு இஞ்ச் ஓட்டையில சொருகியிருக்காங்க. மோட்டார் என்ன பண்ணும்?"

விட்டம் ஆறிலிருந்து நாலாகக் குறைந்தால் காற்று போகும் பரப்பு பாதிகூட இல்லை, நூற்றுக்கு நாற்பத்து நாலுதான் மிஞ்சும். அதற்கும் வெளியே ஒரு பிளாஸ்டிக் கவர். வெயிலில் மஞ்சளித்து நொறுங்கி, தகடுகள் இரண்டு உடைந்து விழுந்திருந்தன. அந்த வழியாக மைனா உள்ளே போய்க் கூடு கட்டியிருக்கிறது. வைக்கோலும் நூலும் பிளாஸ்டிக் கிழிசலுமாகக் குழாயின் வாயை அடைத்திருந்தது. முட்டையோ குஞ்சோ இல்லை என்று டார்ச் அடித்து உறுதி செய்த பிறகே எடுக்கவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

எங்கள் வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். சமையலறைச் சுவர் கிழக்குப் பார்த்தது. பகல் ஏறியதும் கடல்காற்று நேராக அந்தச் சுவரில்தான் மோதும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழையும் அதே பக்கம்தான் சாய்ந்து அடிக்கும். மத்தியானச் சமையலின்போது புகை திரும்பி வந்ததில் காற்றுக்கும் பங்கு உண்டு. ஆகவே கவர் வாங்கப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன் காற்றை நினைக்க வேண்டியிருந்தது.

நேராகத் திறந்த தகடுகள் வைத்த கவர் எங்கள் சுவருக்கு ஆகாது. எதிர்க்காற்று அவற்றைத் தூக்கிப் பிடித்துவிடும். அரைக்கோள மூடியும் கீழ்நோக்கிய வாயும் உள்ள எவர்சில்வர் கவராகத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே லேசான ஒற்றை ஃபிளாப். மோட்டார் ஓடினால் காற்றின் தள்ளலில் திறக்கும், நின்றால் தன் எடையில் விழுந்து மூடிக்கொள்ளும். கடைக்காரர் கொசுவலை போன்ற பொடி வலை ஒன்றையும் பொருத்தித் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். பொடி வலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிச் சில மாதங்களில் சுவர் மாதிரி ஆகிவிடும். தீப்பிடிக்கவும் அது நல்ல தீனி. பறவை நுழையாத அளவுக்குப் பெரிய கண் வலை போதும்.

உலோகத்தில் 304 தரம்தான் வேண்டும் என்று நின்றேன். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். விலை குறைந்த 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பில்லில் தரத்தை எழுதி வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் வெளிச்சுவரில் துளை போட அனுமதி கேட்டேன். கீழ்வீட்டு அக்காவிடமும் போய்ச் சொன்னேன். கீழ்நோக்கிய வாய் என்பதால் அவர்கள் துணி காயப்போடும் கொடிக்கு நேர் மேலே வரக் கூடாதல்லவா? இருவருமாக ஜன்னலில் எட்டிப் பார்த்து இடத்தைக் குறித்தோம். நம் வீட்டுப் புகையை இன்னொருவர் புடவையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

செப்டம்பர் 27, சனி

நாள் முழுக்க வேலை. சிம்னியின் புது இடத்துக்கு நேர் பின்னால் கோர் கட்டிங் மெஷினால் துளை போட்டார்கள். 23 செ.மீ. செங்கல் சுவர், வைரப் பல் வைத்த உருளை, தண்ணீர் விட்டுக்கொண்டே சுற்றி உருளையாகவே வெட்டி எடுத்தது. அதற்கு முன் பீமும் லிண்டலும் எங்கே ஓடுகின்றன என்று தட்டிப் பார்த்து, கட்டட வரைபடத்தையும் ஒப்பிட்டோம். கான்கிரீட் பீமில் கை வைத்தால் கட்டடத்துக்கே கேடு. துளை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கிறது. மழைநீர் உள்ளே ஓடி வராது.

சிம்னி 16 செ.மீ. கீழே இறங்கி, 10 செ.மீ. வலப்பக்கம் நகர்ந்தது. இப்போது உயரம் 70. குழாயும் மாறிவிட்டது. ஏ.சி. டக்ட் செய்யும் கடையில் வாங்கிய ஆறு இஞ்ச் தகரக் குழாய், ஒரே ஒரு வளைவு, பிறகு நேராக வெளியே. உள்பக்கம் வழவழப்பாக இருப்பதால் எண்ணெய் தங்காது. இணைப்புகளில் அலுமினிய டேப்.

வெளியே கவர் மாட்ட அந்தத் தம்பி சன்ஷேடில் இறங்கி நிற்க வேண்டும். இரண்டாம் மாடி. "எப்பவும் இப்படித்தாங்க்கா, பழக்கம்தான்" என்றார். பெல்ட் போடாமல் இறங்கவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டப்போனார். அதை நம்பக் கூடாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கட்டவைத்தேன். இதனால் அரைமணி நேரம் கூடிப்போனது. நம் ஊரில் சன்ஷேடுகளில் வெறுங்காலோடு நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். வேலை தருகிறவர்கள் இந்த அரைமணியைத் தந்தே ஆக வேண்டும்.

கவரைச் சுற்றி மேலேயும் பக்கவாட்டிலும் சிலிகான் பூசி, அடியில் மட்டும் விட்டுவைத்தார். ஈரம் புகுந்தாலும் வடிந்துவிட வழி வேண்டும். பழைய ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஊதுபத்தி ஏற்றி ஒவ்வொரு பர்னரின் மேலும் பிடித்துப் பார்த்தேன். பின் பர்னர்களில் புகை கோடு போட்டது போல் மேலே போயிற்று, குறைந்த வேகத்திலேயே. முன் பக்கத்தில் கொஞ்சம் அலைகிறது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சிம்னிகளைச் சோதித்தபோதும், முன் பர்னரை விடப் பின் பர்னரின் புகையே நன்றாகப் பிடிபடுகிறது என்று கண்டிருக்கிறது. பொரிப்பதெல்லாம் இனிப் பின்னால்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு அதே சோதனை. புகை தயங்கியது. வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டுமே! அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதவைத் திறந்ததும் புகை விறுவிறுவென்று எழுந்ததைப் பார்த்துவிட்டு, "அப்போ இத்தனை நாள் நான்தான் வழியை அடைச்சேனா?" என்றார். இல்லை அத்தை, அதற்கு முன்பே அடைத்துத்தான் வைத்திருந்தார்கள் என்றேன். அடுப்பை ஒட்டிய ஜன்னலை மூடி, கூடத்துப் பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் காற்று தூரத்திலிருந்து சீராக வருகிறது.

கேஸ் கீசர் இருக்கும் வீடுகளில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எல்லாக் கதவு ஜன்னலையும் அடைத்துவிட்டுச் சிம்னியை ஓட்டினால், கீசரின் எரிபுகையை அது வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடக்கூடும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். மணமோ நிறமோ கிடையாது.

அக்டோபர் 17, வெள்ளி

இரவெல்லாம் பருவமழை, நல்ல சாய்காற்றோடு. காலையில் குழாய் இணைப்புக்குள் விரல் விட்டுத் தடவினேன், ஈரமில்லை. ஃபிளாப் மூடித்தான் இருக்கிறது; காற்று பலமாக அடிக்கும்போது மட்டும் லேசாகத் தட்டும் ஓசை கேட்கிறது. விளிம்பில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டினால் அடங்கிவிடும் என்று தம்பி போனில் சொன்னார்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முறுக்கும் தட்டையும் சுட்டோம், பின் பர்னரில், கதவு திறந்தபடி. எண்ணெய் காய்வதற்கு முன்பே சிம்னியைப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகும் கால்மணி நேரம் ஓடவிட்டோம். அத்தை இருமவில்லை. கூடத்தில் பேரனுக்கும் நெடி தெரியவில்லை. முறுக்கு வெந்த செய்தியே அவனுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

ஃபில்டரை வெந்நீரில் சோடா உப்பு போட்டு ஊறவைத்திருக்கிறேன். கீழ்வீட்டு அக்கா தங்கள் சிம்னியின் வெளிக்கவரைப் பார்க்கத் தம்பியின் நம்பர் கேட்டார், கொடுத்தேன். பெல்ட் விஷயத்தையும் சொல்லியிருக்கிறேன். பழைய ஓட்டையை அடைத்த இடம் இன்னும் காயவில்லை. தை பிறந்ததும் பெயிண்டரைக் கூப்பிட வேண்டும்.