மலையைப் பற்றிப் பேசும் அறையில் மலைக்காரருக்கு ஒரு நாற்காலி

கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகம் 2020ல் புதுசாக ஒரு பதவியை உண்டாக்கியது. பூர்வகுடிகள் விவகாரத்துக்கான துணைத் தலைவர். அதில் முதலில் உட்கார்ந்தவர் கேத்தரின் குக் என்கிற மருத்துவர். மேட்டி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர். அங்கே பல்கலைக்கழகத் தலைவர் என்றால் நம்ம ஊர் துணைவேந்தர் மாதிரி (குழப்பிக்காதீங்க), அதனால் இது துணைவேந்தருக்கு அடுத்த படி. பாடத்திட்டம், ஆள் சேர்ப்பு, ஆராய்ச்சி என்று எதில் பூர்வகுடி விஷயம் வந்தாலும் அதில் அந்த நாற்காலிக்கும் பங்கு உண்டு.

நிலக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு எதற்கு கனடா கதை என்று தோன்றலாம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் கொடைக்கானல் மலை. இரண்டிலும் பளியர்கள் இருக்கிறார்கள். நமக்கெல்லாம் முன்னாலிருந்தே இருக்கிறார்கள். சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம், 1976ல் நிகர்நிலை அந்தஸ்து வாங்கியது. கொடைக்கானலில், மலை மேலேயே, 1984ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். பளியர் மலையைச் சுற்றி மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பல்கலைக்கழகங்கள்! இந்தியாவில் எத்தனை ஊருக்கு இந்தக் கொடுப்பினை இருக்கும்? அதனால்தான் அந்த கனடா நாற்காலி என்னைத் தூங்க விடவில்லை.

முதலில் அவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். கனடாவில் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பிள்ளைகள். தாய்மொழியில் பேசினால் அடி. திரும்பி வராத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். இதை விசாரிக்க 2008ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைத்தார்கள். அது 2015ல் 94 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதற்கு முன்பே, 2011 அக்டோபரில், மானிடோபா பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் பர்னார்ட் அந்த ஆணையத்தின் கூட்டத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பல்கலைக்கழகம் விடுதிப் பள்ளி நடத்தவே இல்லையே, பின்னே எதற்கு மன்னிப்பு? அந்தப் பள்ளிகளை நடத்திய பாதிரியார்களையும், வாத்தியார்களையும், அதிகாரிகளையும் படிக்க வைத்து அனுப்பியது நாங்கள்தானே என்றார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தப்பு செய்தவர்கள் எங்கே படித்தார்கள் என்று யார் கேட்கிறார்கள்?

மன்னிப்பு 2011, நாற்காலி 2020. நடுவில் ஒன்பது வருஷம். மன்னிப்பு ஒரு நாள் வேலை, நாற்காலிக்கு பட்ஜெட் வேண்டுமே!

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்கே பழங்குடியினருக்குத் தனியாகவே பல்கலைக்கழகம் கட்டினார்கள். 2007 சட்டப்படி மத்தியப் பிரதேசம் அமர்கண்டக்கில் இந்திரா காந்தி தேசிய பழங்குடியினர் பல்கலைக்கழகம், அப்புறம் ஆந்திராவில் ஒன்று, தெலங்கானாவில் ஒன்று. நல்லதுதான். ஆனால் தனி வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, ஏற்கனவே இருக்கிற பெரிய வீட்டில் திண்ணையோடு நிறுத்துவது நமக்குப் பழக்கமான விஷயம். பெரிய வீட்டுக்குள் போனவர்கள் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் ராம் தயாள் முண்டா. ராஞ்சி பக்கத்துக் கிராமத்து முண்டா பழங்குடி. சிகாகோவில் மொழியியல் படித்து, மின்னசோட்டாவில் வாத்தியாராக இருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பி வந்து ராஞ்சி பல்கலைக்கழகத்தில் பழங்குடி மற்றும் வட்டார மொழிகள் துறையைக் கட்டி எழுப்பினார். முண்டாரி, சந்தாலி, ஹோ, குடுக், காரியா இவற்றோடு நாக்புரி மாதிரி வட்டார மொழிகளும் சேர்த்து ஒன்பது மொழிகள். அதுவரை வீட்டோடும் வயலோடும் நின்றிருந்த மொழிகளில் எம்.ஏ. படிக்கலாம் என்று ஆனது. சில வருஷத்தில் அவரே துணைவேந்தரும் ஆனார். விழாவில் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடுகிற துணைவேந்தர்! பழங்குடி ஆட்டத்தை ஆராய்கிறவர்கள் உண்டு, ஆடுகிறவர்கள் உண்டு, இவர் இரண்டும். 2010ல் பத்மஸ்ரீ, 2011ல் காலமானார்.

இன்னொருவர் சோனாஜாரியா மின்ஸ். இவர் கதையில் நமக்கும் பங்கு இருக்கிறது, படித்தது நம்ம சென்னையில்! மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியிலும் கணிதம் படித்தார். பிறகு ஜே.என்.யு.வில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம், அங்கேயே பேராசிரியர். ஒராவோன் பழங்குடி. அவர்கள் பேசும் குடுக், திராவிட மொழி, தமிழுக்குத் தூரத்துப் பங்காளி. பள்ளியில் ஒரு ஆசிரியர் உனக்குக் கணக்கு வராது என்று சொன்னதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2020ல் ஜார்க்கண்ட் தும்காவில் உள்ள சிதோ கானு முர்மு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார். 1855ல் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த சந்தால் சகோதரர்கள் பேரில் உள்ள பல்கலைக்கழகம் அது. அவரும் கனடாவின் நிஸ்கா இனத்துப் பேராசிரியர் ஏமி பேரன்ட்டும் இணைந்து யுனெஸ்கோ ஆய்வு இருக்கை ஒன்றுக்குத் தலைமை ஏற்றார்கள். பூர்வகுடிகளின் அறிவை ஆராய்வது யார் அனுமதியோடு, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதுதான் அதன் வேலை. இந்த ஏமி பேரன்ட் சும்மா ஆள் இல்லை. 1929ல் தன் மக்களிடமிருந்து எடுத்துப் போன 11 மீட்டர் உயர நினைவுக் கம்பத்தை எடின்பரோ அருங்காட்சியகத்திலிருந்து 2023ல் ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்த முயற்சியில் முன்னால் நின்றவர். அதே ஊரில் உள்ள எடின்பரோ பல்கலைக்கழகம் 2019ல் இலங்கை வேடர்களின் ஒன்பது மண்டையோடுகளை அவர்களுடைய தலைவர் கையிலேயே ஒப்படைத்தது. இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு என்கிறார்கள். மண்டையோடு என்றதும் பதறுகிறோம், ஒரு மக்களின் பேச்சையும் கதையையும் எடுத்துப் போனால் பதறுவதில்லை...

இனி பளியர். 1908லேயே டாமென் என்ற சேசு சபைப் பாதிரியார் பழனி மலைப் பளியர்களைப் பற்றி ஐரோப்பிய மானுடவியல் இதழில் எழுதிவிட்டார். அறுபதுகளில் அமெரிக்காவிலிருந்து பீட்டர் கார்ட்னர் வந்து தங்கி ஆராய்ந்தார். பழனி மலைப் பளியர்களைப் பற்றி ஸ்வீடன்காரர் கிறிஸ்டர் நார்ஸ்ட்ரோம் செய்த ஆய்வு 2003ல் ஸ்டாக்ஹோமில் புத்தகமாக வந்தது. தேன் எடுப்பது, கிழங்கு தோண்டுவது, சண்டை வந்தால் அடித்துக்கொள்ளாமல் ஒதுங்கிப் போவது... எல்லாம் பதிவாகியிருக்கிறது. நல்ல ஆராய்ச்சிகள்தான், நான் குறை சொல்லவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில்.

என் வகுப்பில் ஒரு பளியர் பெண் படித்தாள். பெயர் வேண்டாம். மூணாவது பெஞ்சு, என் பக்கத்து இடம். ஒரு நாள் அவள் மக்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இத எழுதுனவரு எங்கூருக்கு மறுபடி வந்தாராடி?"

"தெரியலையே."

"எங்க தாத்தா பேரு இருக்கா பாரு. வெள்ளைக்காரங்களுக்கு வழி காட்டுனேன்னு சொல்லிட்டே இருப்பாரு."

தேடினோம். வழிகாட்டி என்று ஒரு வரி இருந்தது, பேர் இல்லை. அந்தக் காகிதத்தை அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் பட்ட பெரிய பாடு சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, ஆர்.டி.ஓ. தான் தர வேண்டும். அவளுக்கு அது வந்து சேர இரண்டு வருஷம். அதற்குள் எத்தனை நடை! ஒரு அலுவலகத்தில் "பாத்தா அப்படித் தெரியலையே" என்றார்களாம். நல்ல சுடிதார் போட்டிருந்தது குற்றம் போல. சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை, விடுதிச் சலுகை இல்லை. அவள் அப்பா நாலு நாள் எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு வந்து கல்லூரி வாசலில் நின்றுகொண்டிருப்பார். உள்ளே வாங்கப்பா என்று கூப்பிட்டாலும் "இருக்கட்டும் தாயி" என்பார்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. போலிச் சான்றிதழ் வாங்கி இடம் பிடித்தவர்கள் ஏராளம். 1994ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்கள் வேண்டும் என்றது. வேடிக்கை என்னவென்றால் கனடாவிலும் இதே தலைவலி. அங்கே நீண்ட காலம் வாய்ச் சொல்லை நம்பினார்கள். 2021ல் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் பெரிய பேராசிரியர் ஒருவருடைய பூர்வகுடிப் பின்னணிக்கு ஆதாரம் இல்லை என்று செய்தி வந்தபோது ஆடிப்போனார்கள். மறு வருஷம் மேட்டி வழக்கறிஞர் ஜீன் டெய்லே பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை கொடுத்தார். சரிபார்க்கும் வேலையில் பூர்வகுடி மக்களே இருக்க வேண்டும் என்பது அங்கே நடக்கிற பேச்சு. நம்மிடம் பளியரை அடையாளம் சொல்லப் பளியரைக் கேட்கலாம் என்று யாருக்காவது தோன்றுமா?

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறக்குறைய 8 லட்சம் பேர், 1.1 சதவீதம். மாநில இடஒதுக்கீடும் 1 சதவீதம். நூறு இடம் இருந்தால் ஒன்று. துணைவேந்தர் பதவியோ எப்போதும் ஒன்றே ஒன்று, அங்கே சதவீதக் கணக்கு வேலைக்கு ஆகாது. இப்போது கல்லூரிகளில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு என்று ஒன்று உண்டு. ஒதுக்கீட்டையும் புகாரையும் பார்த்துக்கொள்ளும். அது வாசலில் டிக்கெட் பார்க்கிற வேலை. உள்ளே என்ன படம் ஓட்டுவது என்று முடிவு செய்கிற இடம் சிண்டிகேட். அங்கே ஒரு பளியரோ இருளரோ உட்கார்ந்து, இந்த ஆராய்ச்சிக்கு எங்கள் ஊரில் கேட்டீர்களா, புத்தகம் வந்ததும் தமிழில் ஒரு பிரதி ஊருக்கு வருமா, வழி காட்டியவர் பேர் போடுவீர்களா என்று கேட்க வேண்டும். கேட்பதோடு, இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்கிற அதிகாரமும் வேண்டும்.

ஒரே நாளில் நடக்காது என்பது தெரியும். முண்டா முதலில் துறையைக் கட்டினார், பிறகுதான் நாற்காலி. நம்ம பக்கம் துறைக்கு முன்னால் சான்றிதழே இரண்டு வருஷம் எடுக்கிறது.

தோழி இப்போது பி.எட். படிக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது தாத்தாவிடம் கதை கேட்டு செல்போனில் பதிவு செய்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். பதினாலு கதை சேர்ந்திருக்காம். கேட்க அனுப்புடி என்றேன். "தாத்தாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.