பாலும் பழமும் கில்ட்!

கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பட்டுப் புடவைக்கு எதிரே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களா நீங்கள்? நான் உட்கார்ந்திருந்தேன். போன கார்த்திகை மாதம், தொரப்பள்ளியில், எங்கள் வீட்டுக் கூடத்தில்.

புடவை என் அம்மாவுடையது. ஒன்பது கஜம். 1964ல் என் அக்கா கல்யாணத்தின்போது அம்மா மடிசாராகக் கட்டிக்கொண்டு பந்தலெங்கும் வளைய வந்த புடவை. பாலும் பழமும் கட்டம். இரண்டு பக்கமும் ஜரிகைக் கரை. அதை வெட்டத் துணிந்தது எதற்காக என்கிறீர்களா? ஒரு கில்டுக்காக!

கில்ட் என்றால் ஸ்காட்லாந்து ஆண்பிள்ளைகள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை சுற்றிக் கட்டுகிற, கொசுவம் வைத்த கம்பளி உடை. என் பிள்ளை கிளாஸ்கோவில் உத்தியோகமாக இருக்கிறான். (இந்தப் பக்கத்துக்கு அந்த ஊர் புதிதல்ல. 1792 முதல் 1799 வரை பாராமகாலில், அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமையில், நிலவரி வேலை பார்த்த மன்றோ துரை கிளாஸ்கோவில் பிறந்தவர்தான்.) பேரனுக்கு ஒன்பது வயது. ஜனவரி 25ந் தேதி அங்கே பர்ன்ஸ் என்ற கவிஞரின் பிறந்த நாள். அன்று பள்ளிக்கூடத்துக்குக் கில்ட் கட்டி வரலாமாம். அந்தந்த வம்சத்துக்கு அந்தந்தக் கட்டம் என்று அங்கே ஒரு வழக்கம். பேரன் போனில் கேட்டான்:

"பாட்டி, நம்மாத்துக்கு என்ன கட்டம்?"

என்ன சொல்வது? நமக்குக் கோத்திரம் தெரியும், சூத்திரம் தெரியும். கட்டம் என்றால் ஜாதகக் கட்டம்தான் தெரியும்! அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அம்மாவின் பெட்டி நினைவுக்கு வந்தது.

பெங்களூரிலிருக்கும் அக்காவிடம் சொன்னேன். "அம்மா புடவையிலே கத்தரி வெச்சியோ, உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்!" என்று போனை வைத்துவிட்டாள். அவள் பேரில் குற்றமில்லை. அவள் கல்யாணத்துப் புடவை அல்லவா?

ஆனால் பெட்டியைத் திறந்து பிரித்தபோது எனக்குத்தான் மூச்சு நின்றது. உள் தலைப்பில் இரண்டு மடிப்பு, மேலிருந்து கீழ் வரை விட்டிருந்தது. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப் போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பழைய வெள்ளை வேஷ்டியில் சுற்றி வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். செய்யவில்லை. பத்து வருஷமாக அதைத் தொடவே இல்லை. அம்மா புடவையைக் கெடுத்தது கத்தரிக்கோல் அல்ல, நான்தான்.

ஸ்காட்லாந்திலும் இப்படி ஒரு கதை உண்டு. ஒரு கலகத்துக்குப் பிறகு, 1746ல் சட்டம் போட்டு, பட்டாளத்துக்காரர் தவிர மலைநாட்டு ஆண்கள் யாரும் கில்ட் கட்டக் கூடாது என்று தடுத்தார்கள். 1782ல்தான் தடை நீங்கிற்று. முப்பத்தாறு வருஷம்! எத்தனை கில்டுகள் பெட்டிக்குள்ளேயே இற்றுப் போயினவோ!

சரி, கணக்குக்கு வருவோம். பெரியவர்கள் கில்டுக்கு எட்டு கஜம் கம்பளி பிடிக்கும். ஏறக்குறைய நம் மடிசார்! பேரனுக்கு இடுப்புச் சுற்றளவு 26½ அங்குலம். முன்னால் கொசுவமில்லாமல் மட்டமாக, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பாகம். ஒவ்வொன்றும் 13 அங்குலம். நாம் கொசுவத்தை முன்னால் செருகுவோம். அவர்களுக்கு அது பின்னால். பதினெட்டு கொசுவம், ஒவ்வொன்றும் 4¾ அங்குலத் துணியை விழுங்கிவிட்டு முக்கால் அங்குலம்தான் வெளியே காட்டும். ஓரம் மடிக்கவும் சேர்த்தால் மூன்றேகால் கஜம். உயரம் 18 அங்குலம். உள் தலைப்பிலிருந்து எடுத்தால், விட்டுப்போன இரண்டு மடிப்பும் கொசுவத்துக்குள்ளே ஒளிந்துகொள்ளும்!

ஓசூரில் ஒரு தையல்காரர் புடவையைப் பார்த்ததும், "நான் மாட்டேம்மா" என்று கும்பிட்டுவிட்டார். நானே வெட்டினேன். முதல் வெட்டின்போது கண்ணை மூடிக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள்.

பட்டில் ஒரு சங்கடம். கம்பளி கனத்தால் கொசுவம் தானாக விழுந்து நிற்கும். பட்டோ காற்றடித்தால் குடையாகும். இங்கேதான் அம்மாவின் ஜரிகை கை கொடுத்தது. கில்டின் அடி ஓரத்தை மடித்துத் தைப்பதில்லை; துணியின் சொந்த விளிம்புதான் அடியில் வரும். கரையை அப்படியே கீழே விட்டேன். அந்தக் கனத்தில் கொசுவம் சொன்னபடி கேட்டது! கட்டத்துக்குக் கட்டம் பொருந்த ஊசி குத்தி, இடுப்பிலிருந்து 5 அங்குலம் வரை கையாலேயே தைத்து, உள்ளே மல் துணி கொடுத்தேன். இஸ்திரி போடும்போது மட்டும், கம்பளிக்குச் செய்வது போல ஈரம் தெளித்துவிட்டேன். பட்டில் தண்ணீர்க் கறை பூத்துவிட்டது! நல்ல வேளை, உள் பாகம். நீங்கள் செய்வதானால் மேலே காய்ந்த வெள்ளைத் துணி போட்டு, இளஞ்சூட்டில் தேயுங்கள்.

கில்ட் பார்சலில் போயிற்று. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா, "இது எந்த வம்சத்துக் கட்டம்?" என்று கேட்டாளாம். "என் கொள்ளுப் பாட்டியோடது" என்றானாம் பேரன்.

தை பிறந்து அக்கா வந்தாள். வாசப்படி மிதிக்கத்தான் செய்தாள்! பேசவில்லை. மீதிப் புடவையைக் கொண்டு வந்து மடியில் வைத்தேன். ஒன்பதில் மூன்றேகால் போக ஐந்தே முக்கால் கஜம். தலைப்பும் கரையும் அப்படியே. ஒன்பது கஜமாக இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் கட்டாத புடவை!

அக்கா உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றாள். எண்பது வயது. பக்கவாட்டில் பார்த்தபோது அம்மாவே நிற்பது போலிருந்தது. அவளும் அதைத்தான் பார்த்தாள் போலிருக்கிறது. வெகு நேரம் அசையவில்லை.

அப்புறம் என் தையல் கூடையில் கை விட்டு, கில்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய பாதியை, மற்றொரு கரையோடு கூடிய நீளத் துண்டை, எடுத்து உதறினாள். மூன்றேகால் கஜ நீளம், 27 அங்குல உயரம்.

"என் கொள்ளுப் பேத்திக்கு இடுப்பு இருபத்திரண்டு. கொசுவம் பின்னாலே மட்டும் வேண்டாம்டீ, சுத்தி வர வெச்சுத் தை. பொங்கல் லீவு முடியறதுக்குள்ளே வேணும்" என்றாள்.