கொட்டியாரக் குடாவில் பிடிபட்டவர்

இலங்கையின் மூதூருக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்தான். கிண்ணியாவில் 396 மீட்டர் நீளப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதைத் தாண்டினால் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலத்துக்குமேல் பாலம். இடப்பக்கம் கொட்டியாரக் குடா, வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இவ்வளவு நீரும் நெல்லும் ஒன்றாக இருக்கும் கடற்கரையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கங்கைப் பாலத்தின் கீழே ஓடுவது மகாவலி. கண்டி மலைகளைச் சுற்றிக்கொண்டு வந்து, 335 கிலோமீட்டர் ஓடி, இங்கேதான் கடலில் விழுகிறது.

நான் தேடி வந்தது 1893இல் இங்கே நட்ட ஒரு கல்லை. 'ஆன்' என்ற கப்பலின் கப்டன் ராபர்ட் நொக்ஸ் 1660இல் இங்கிருந்த மரத்தடியில் பிடிபட்டார், கண்டி அரசன் அவரை 19 ஆண்டுகள் சிறைவைத்தான் என்கிறது கல். உண்மையில் இது இரண்டு பேருடைய கதை. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். புளியமரத்தடியில் பிடிபட்டவர் தந்தை. 19 ஆண்டுகள் தவித்தவர் மகன்.

மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த கப்பல், புது மரம் போட இந்தக் குடாவுக்குள் வந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கரைக்கு வந்தவர்களை வளைத்துக்கொண்டார்கள். கப்பலுக்குச் செய்தி சொல்ல மகனைத்தான் அனுப்பினார்கள். அப்போது அவருக்கு 19 வயது. கப்பலிலேயே நின்றிருந்தால் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். திரும்பி வருவேன் என்று தந்தையிடம் சொல்லியிருந்தார், வந்தார். இந்தக் கரையில் நின்றபோது என்னை உலுக்கியது அதுதான். அந்தக் கப்பலை அவர் அதன்பிறகு பார்க்கவேயில்லை.

இருவரையும் உள்நாட்டில் ஒரு சிற்றூரில் கொண்டுபோய் வைத்தார்கள். இருவருக்கும் காய்ச்சல். 1661 பிப்ரவரியில் தந்தை இறந்தார். பிணத்தைத் தொட ஊரில் யாரும் முன்வரவில்லை. கூடவே இருந்தவன் ஒரு சிறுவன், கப்டன் பரங்கிப்பேட்டையிலிருந்து அழைத்துவந்தவன். நம் கடலூர்க் கரைப் பிள்ளை. அவன் பெயரைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்லுக்குப் பக்கத்தில் வரப்பில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர், "எங்க இருந்து வாறீங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "வெள்ளைக்காரன் கதையா? அவன் கண்டியில என்ன செஞ்சு சாப்பிட்டான்?"

யாரும் கேட்காத கேள்வி இது. அதற்குப் பதில்தான் என்னை இவ்வளவு தூரம் இழுத்துவந்தது.

மகன் நொக்ஸ் முதலில் பருத்தி நூலில் தொப்பி பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார், பிறகு ஆடும். கண்டிக்குத் தெற்கே எலதெத்தையில் 25 இலாரினுக்கு ஒரு துண்டு நிலம் வாங்கினார். இலாரின் என்பது தூண்டில் முள்போல வளைத்த வெள்ளிக்கம்பிக் காசு. அந்த நிலத்தில் வீடு கட்டி, தென்னையும் பழமரங்களும் வைத்தார். ஊர் வழக்கத்தைப் பார்த்து நெல்லை வட்டிக்குக் கொடுத்தார்.

"எவ்வளவு வட்டி?" என்றார் பெரியவர்.

"ஒரு மரக்கால் கொடுத்தா, அறுவடையில ஒன்றரை."

"அல்லாஹ்! அது கடும் வட்டியல்லவா" என்று தலையை ஆட்டினார். வட்டிக்கு வாங்கி வெள்ளாமை செய்தவருக்குத்தான் அந்தக் கணக்கு உடனே உறைக்கும்.

ஊரைவிட்டுப் போய் அந்நிய மண்ணில் வேர்விட்டவர்கள் உலகெங்கும் உண்டு. 1682இல் குவேக்கர் என்ற கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டவர்கள் பென்சில்வேனியாவில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அவர்கள் விரும்பிப் போனவர்கள். நொக்ஸ் தென்னை நட்டபோதும் ஓடும் வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் நிலம் அவருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஏழு மாத நெல்லிலிருந்து மூன்று மாத நெல் வரை, எந்த நீருக்கு எது பொருந்தும், குளத்து நீரை எப்படிப் பங்கிடுகிறார்கள், களத்தில் என்ன சடங்கு என்றெல்லாம் அவர் எழுதியிருப்பதை, வெறும் கைதியாக மட்டும் இருந்தவர் எழுதியிருக்க முடியாது.

1679 செப்டம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு, சரக்கு விற்கப் போகிறவர்போல வடக்கே நடந்தார். அனுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு, தமிழர் ஊர்களின் ஓரமாகக் காட்டுக்குள்ளேயே போய், அக்டோபர் 18 அன்று அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். ஊர் திரும்பியபின், 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. பின்னாளில் டானியல் டீஃபோ 'ராபின்சன் குரூசோ' எழுத அதுவும் ஒரு தூண்டுதல் என்பது பலருடைய கருத்து.

எலதெத்தை நிலத்தை, தான் வளர்த்த லூசியா என்ற பெண்ணுக்கு எழுதிக்கொடுத்தார். 1720இல் இறந்தார். அச்சான அந்தப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே வெற்றுத்தாள் சேர்த்துக் கட்டி, முதுமையிலும் இலங்கையைப் பற்றி நினைவுக்கு வந்ததையெல்லாம் அதில் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார்.