ரப்பர் முத்திரை

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் நான் கணக்கெழுதத் தொடங்கிய நாட்களில் ட்ராயிங்குகள் அம்மோனியா வாடையோடுதான் வரும். நீலக் கோடுகள் ஓடும் தாளை மடிப்புப் பிரித்தால் கண் எரியும். 1990களின் பிற்பகுதியில் வந்த ஒரு தாளின் மூலையில் மட்டும் சிவப்பு மையில் ரப்பர் முத்திரை குத்தியிருந்தது. பிறர் பார்வைக்கு உரியதல்ல என்பது அதன் பொருள். கப்பலுக்கான ஃபிளாஞ்ச் என்பதற்கு மேல் எங்களுக்கு ஏதும் தெரியாது. எங்களுக்கு வேலை கொடுத்தவருக்கே வேறு யாரோ கொடுத்திருந்தார்கள். முதலாளி தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கச் சொன்னார். அதுதான் எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு. பகலெல்லாம் அது எண்ணெய்க் கறையோடு லேத்தின் மேல்தான் கிடந்தது என்பது வேறு விஷயம்.

வெகுகாலம் கழித்து 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தை வாசித்தபோது சற்றுத் திகைத்தேன். போர்த் தளவாடங்களோ அவற்றின் வரைபடங்களோ அரசு ஒப்பந்தத்தின் பேரில் உருவாகும் தனியார் இடமும் 'தடைசெய்யப்பட்ட இடம்' என்ற விளக்கத்துக்குள் வருகிறது. கப்பலின் ஒரு பகுதியும் தளவாடமே. அது போர்க்கப்பலாக இருந்திருந்தால், நாள்தோறும் நான்கு முறை எங்கள் தகரக் கொட்டகைக்குள் வந்துபோன டீக்கடைப் பையன்? ஐந்தாவது பிரிவு ஒப்பந்தக்காரரோடு நிற்காமல் அவரிடம் வேலை பார்ப்பவரையும் சேர்த்துக் கட்டுகிறது. மூன்றாண்டு வரை சிறை. காலனிய அரசின் அச்சம் எவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்திருக்கிறது!

2014இல் பாதுகாப்பு உற்பத்தித் துறை தனியார் நிறுவனங்களுக்கென ஒரு பாதுகாப்புக் கையேட்டை வெளியிட்டது. செய்யும் பொருளின் முக்கியத்துவத்தைப் பொறுத்து அ, ஆ, இ என்பதுபோல மூன்று வகை. கேமரா, வருகைப் பதிவேடு, ஊழியரின் பின்னணி குறித்த விசாரணை. மேலே உள்ளவர்கள் அதைக் கீழே உள்ளவர்களுக்குத் தள்ள, எங்களிடமும் படிவங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் சிக்கிக்கொண்டவர் எங்கள் மூத்த டர்னர். மேஸ்திரி என்றுதான் அழைப்போம். காசிமேட்டுக்காரர். ரேஷன் கார்டில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது. மகளோடு எண்ணூரில் இருந்தார். விசாரிக்கப் போன காவலர் அந்த முகவரியில் ஆளில்லை என்று எழுதிவிட்டார். அவர் எழுதியதில் பிழையில்லை, ஆளில்லைதான்.

"இன்னா தம்பி, ஊடே தண்ணிக்குள்ள கீது, போலீசு எந்தக் கதவத் தட்டும்?" என்றார் மேஸ்திரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1985 ஜனவரியில் தில்லியில் கூமர் நாராயண் கைதானபோது வெளிவந்த செய்திகள் நினைவுக்கு வந்தன. மும்பை நிறுவனம் ஒன்றின் தில்லிப் பிரதிநிதி அவர். உயர் அலுவலகங்களின் உதவியாளர்கள் கோப்புகளைக் கொண்டுவந்து கொடுக்க, நகலெடுத்து அனுப்பினார்கள். பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் பதவி விலக நேர்ந்தது. அந்த உதவியாளர்களுக்கெல்லாம் நிலையான முகவரி இருந்திருக்கும். விசாரணை முடித்த நற்சான்றும்கூட.

2016 ஆகஸ்டில் நாங்கள் செய்தனுப்பிய ஒரு வளையம் தளத்தில் உட்காரவில்லை என்று தகவல் வந்தது. மேஸ்திரி நேரில் பார்த்தால் பத்து நிமிட வேலை. கேட் பாஸ் கிடையாது. பாஸ் வைத்திருந்த இளம் இன்ஜினீயர் ஒருவர் உள்ளே போனார். பில்லைக் கொடுக்க வந்த நானும் மேஸ்திரியும் வாசலுக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தோம். கடையில் கிடந்த நாளிதழில் ஸ்கார்பீன் நீர்மூழ்கி பற்றிய 22,000க்கும் மேற்பட்ட பக்க ஆவணங்கள் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்றின் கைக்குப் போய்விட்ட செய்தி. உள்ளே கைப்பேசிக்கு அனுமதியில்லையாதலால் ஸ்டோர் அறைத் தொலைபேசியிலிருந்து என் எண்ணுக்கு அழைப்பு வந்தது. மேஸ்திரி வாங்கிக் காதில் வைத்தார். கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டுமே என்று, வெளிவிட்டம் எவ்வளவு, உள்விட்டம் எவ்வளவு, எந்த முகத்தில் எவ்வளவு எடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு அளவாக, இரண்டிரண்டு முறை, உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.