விரதத்துல ஈறுல ரத்தம் வருதா? பயந்துட்டு சிகரெட்டை எடுக்காதீங்க தம்பிங்களா

48 நாள் விரதம் எடுத்தவங்களுக்கு இப்ப ரெண்டு வாரம் தாண்டியாச்சு. ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்துலதான் காவடி எடுக்கிற இளைஞர்கள் சிலர் எங்க தொண்டர் குழுவைத் தேடி வந்து மெதுவா ஒரு விஷயம் கேட்பாங்க. "அங்கிள், சிகரெட் பிடிச்சப்ப வாய் நல்லாத்தான் இருந்துச்சு. நிறுத்தின பிறகு பல் விளக்கினா ரத்தம் வருது. ஏன்?"

போன வருஷம் 24 வயசுத் தம்பி ஒருத்தர் எங்களைக் கேட்கக்கூட இல்லை. பிரஷ்ல ரத்தத்தைப் பார்த்ததும், நிறுத்தினது உடம்புக்கு ஒத்துக்கலைன்னு அவரே முடிவு பண்ணி மறுபடியும் பத்த வச்சுட்டார். கொஞ்ச நாள்ல ரத்தமும் குறைஞ்சிடுச்சு. அவர் கணக்குக்கு சிகரெட்தான் மருந்து! அதனாலதான் இந்தப் பதிவு.

பல் ஓரத்துல அழுக்கு படிஞ்சா ஈறு வீங்கும், தொட்டா ரத்தம் வரும். அது உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை. சிகரெட்ல உள்ள நிக்கோட்டின் ஈறுல இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிடும். ஈறு வெளுத்து, கெட்டியா, நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். உள்ளே பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரைஞ்சுகிட்டே இருக்கும். வலியும் பெருசா இருக்காது.

நாங்கள் பேக்டரியில சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவங்க, எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றோம். மெஷின் கோளாறுன்னு பஸர் அடிக்குது. நைட் ஷிப்ட்ல தொல்லையா இருக்குன்னு ஒருத்தன் பஸர் ஒயரைக் கழட்டி விடுறான். சத்தம் நின்னுடும், மெஷின் சரியாயிடுமா? சிகரெட் அந்த ஒயரைக் கழட்டுற வேலையைத்தான் செய்யுது. நீங்க நிறுத்தினதும் ரத்த ஓட்டம் திரும்புது, பஸர் மறுபடி அடிக்குது. சில வாரங்களுக்கு ரத்தம் கூடுதலா வர்றது சிலருக்கு நடக்கும். ஏற்கனவே இருந்த நோய்தான் இப்ப வெளியே தெரியுது.

வேப் பிடிக்கிற தம்பிங்க, இது நமக்கில்லைன்னு தாண்டிப் போகாதீங்க. பெரும்பாலான வேப்லயும் அதே நிக்கோட்டின்தான். அலகு குத்திக்கிறவங்க இன்னொன்னையும் கவனிக்கணும். புகைக்கிறவங்களுக்கு வாயில புண் ஆறுறது தாமதமாகும்.

ரத்தம் வருதுன்னு அந்த இடத்தைத் தொடாம விட்டுடாதீங்க. அழுக்கு சேர்ந்து இன்னும் மோசமாகும். மெதுவான பிரஷ் வாங்கி, காலையிலயும் படுக்கப் போறதுக்கு முன்னாடியும் ஈறு ஓரம் வரைக்கும் விளக்குங்க. கெட்டியாப் படிஞ்ச காரையை பிரஷால எடுக்க முடியாது, பல் டாக்டர்தான் எடுக்கணும். அரசாங்கப் பல் கிளினிக்ல செலவு ரொம்பக் குறைவு. எத்தனை வருஷமா புகைச்சீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அப்பா அம்மாகிட்ட அவர் சொல்லப் போறதில்லை. பல் ஆடுற மாதிரி இருந்தா நாள் கடத்தாதீங்க. கரைஞ்ச எலும்பு பழையபடி தானா வளராது. ஆனா புகையை விட்டவங்களுக்கு ஈறு சிகிச்சை நல்லாவே கைகொடுக்கும், மிச்சமிருக்கிற எலும்பையும் காப்பாத்தலாம்.

எங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கிறது தைப்பூசத்தன்னைக்குத்தான். காவடி இறக்கி ரெண்டு மணி நேரம்கூட ஆகாது, கார் பார்க்ல நாலு பேர் நின்னு ஊதிக்கிட்டிருப்பாங்க. புகையை விடுறதுல ரொம்பச் சிரமமானது முதல் சில வாரம். அதைத் தாண்டி 48 நாள் இருந்து காட்டினவங்க இவங்க! தனியா முடியலைன்னா கிளினிக் கெசிஹாத்தான்ல புகைப்பழக்கத்தை விட உதவி செய்றாங்க, போய்க் கேளுங்க.

வர்ற திங்கட்கிழமை காலை 7.30 மணிக்கு கோயில் வேன் பல் கிளினிக்குக்குப் போகுது. இதுவரை ஐந்து பேர் பேர் கொடுத்திருக்காங்க, இன்னும் நாலு இடம் இருக்கு. ஐசி எடுத்துக்கிட்டு வாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு நேரா வர்றவங்களுக்கு மண்டபத்துல பசியாறல் இருக்கும்.