அரை விரற்கடை இடைவெளி

ஸ்டாண்டில் தலைகீழாகப் பூட்டியிருந்தது ஒரு பழைய மாருதி என்ஜின். வேகத்தடையில் அடியிலுள்ள ஆயில் சேம்பர் அடிபட்டு, ஆயில் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதில் கிராங்க் பிடித்துக்கொண்டு, கோவையின் இந்தப் பட்டறைக்கு வந்த வண்டி. கிராங்க்கை கிரைண்ட் செய்து புது பேரிங் போட்டாயிற்று. இனி சேம்பரை மாட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். உதவிக்கு நின்ற தம்பியை மூத்த மெக்கானிக் விடவில்லை.

“ஸ்ட்ரெய்னர் கேப் பாத்தியா கண்ணு?”

“இன்னும் இல்லீங்கண்ணா.”

“பாத்துட்டு மாட்டு.”

சேம்பரின் தரைக்கும், அங்கிருந்து ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் கேட்கிறார். பல என்ஜின்களில் இது 6 முதல் 10 மில்லிமீட்டர். நெருங்கிவிட்டால் பம்ப்புக்குப் போதுமான ஆயில் நுழைய வழியிருக்காது. விலகிவிட்டால், வளைவிலும் பிரேக்கிலும் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றைக் குடிக்கும். கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அங்கே ஆயில் படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். சில நிமிடங்களில் என்ஜின் போய்விடும்.

தம்பி, பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண்ணை உருட்டி ஸ்ட்ரெய்னரின் அடியில் ஒட்டினார். ஒட்டிப் பிடிக்காமலிருக்கச் சேம்பரின் தரையில் ஆயில் தடவினார். கேஸ்கெட்டும் வைத்தார்; அதன் கனமும் கணக்கில் வர வேண்டும். சுற்றிலும் சில போல்ட்டுகளைக் கையால் முடுக்கிவிட்டு, சேம்பரைத் திரும்பக் கழற்றினார். நசுங்கிய களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டி வெர்னியரை வைத்தார். மூன்றரை மில்லிமீட்டர்.

அடிபட்ட சேம்பரை வேறெங்கோ தட்டி, வெல்டிங் வைத்திருக்கிறார்கள். வெளியே பார்த்தால் குறையில்லை. உள்ளே தரை மேடிட்டு நிற்கிறது. மெக்கானிக் கட்டையை அணைகொடுத்துத் தானே தட்டி இறக்கினார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்த்தார். மறுபடியும் களிமண். இந்த முறை 8 மில்லிமீட்டர்.

ஸ்ட்ரெய்னர் பைப்பின் ஓ-ரிங்கையும் புதிதாக மாற்றினார்கள். பழசு இறுகிப்போயிருந்தால் அந்த வழியாகவும் காற்று ஏறும். கேஸ்கெட் பேஸ்டை மெல்லிய கோடாக இழுத்தார்கள். அள்ளி அப்பினால், உள்ளே பிதுங்கியது உரிந்துபோய் ஸ்ட்ரெய்னரின் வலையை அடைக்கும்.

இந்தக் கண்டிப்பை மெக்கானிக் இளவயதில் பந்தய வண்டிகளில் கற்றவர். எஸ். கரிவரதன் 796 சிசி மாருதி என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரில் ஓடுதளமே இருக்கிறது. பந்தயத்தில் வளைவுக்கு வளைவு ஆயில் ஒதுங்கும். அங்கே இந்த அளவைத் தவறவிட்டவருக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிடும். வீட்டுக் காரிலோ அது மாதங்கள் கழித்து, யார் தவறென்றே தெரியாமல் வரும்.

பில்லில் பேரிங்குக்கு விலை உண்டு, கேஸ்கெட்டுக்கு விலை உண்டு. களிமண் வைத்துப் பார்த்த நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த நேரத்துக்கும் கூலி கொடுப்பதுதான் நியாயம். சேம்பர் அடிபட்டோ மாற்றியோ வண்டியை எடுக்கப் போகிறவர்கள், “ஸ்ட்ரெய்னர் கேப் எவ்வளவு வந்துச்சு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அளந்தவர் மில்லிமீட்டரில் பதில் சொல்வார்.