முதுகில் ஒட்டிய மீன்

காரைக்காலில் நான் படித்த பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். ஏப்ரல் முதல் தேதி வந்தால் காகிதத்தில் மீன் வரைந்து, வெட்டி, அடுத்தவன் முதுகில் தெரியாமல் ஒட்டிவிடுவோம். நம் ஊரில் 'ஏப்ரல் ஃபூல்' என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'புவாசோன் தவ்ரில்', அதாவது ஏப்ரல் மீன் என்பார்கள். மீனைச் சுமப்பவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது தெரியும். எழுபது வயது தாண்டிய பிறகு என் முதுகிலும் அப்படி ஒன்று ஒட்டியிருந்த கதையை இன்று சொல்கிறேன்.

அரசாங்க ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றதும், 2011-இல் மனைவியின் ஊரான புளியங்குடிக்கு வந்து சேர்ந்தேன். மச்சினன் குடும்பம் எலுமிச்சை வியாபாரம். காலையில் மார்க்கெட்டில் பழ மூட்டை வந்து இறங்குவதை வேடிக்கை பார்ப்பேன். அதன் பிறகு பொழுது போகாது. பேரனுக்காக மதுரையில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். கடைக்காரர், "பாசியை இது தின்னுரும், தொட்டி சுத்தமா இருக்கும்" என்று சொல்லி நாலு 'டேங்க் கிளீனர்' மீன்களையும் சேர்த்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் விரல் நீளம்.

இரண்டே வருஷத்தில் அவை முழங்கை நீளம் வளர்ந்துவிட்டன. பேரனும் பெற்றோருடன் கோயம்புத்தூர் போய்விட்டான். கொல்ல மனசு வரவில்லை. 2014 ஐப்பசியில், ஒரு மழை நாள் சாயங்காலம், வாளியில் போட்டு எடுத்துப்போய்க் குளத்தில் விட்டுவிட்டேன். பெரிய புண்ணியம் செய்த நினைப்பில் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன்.

தொட்டி காலியாகக் கிடந்தது. வாய்க்காலில் பையன்கள் பிடித்து வைத்திருந்த சல்லிக் கெண்டையில் பத்து வாங்கி விட்டேன். கடை மீனுக்குக் குறையாத அழகு! நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த ஒரு சின்ன மீன் உண்டு. தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நின்று கொசுப்புழுவைத் தின்னும். கொசுவை ஒழிக்க 1928-இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா என்ற மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையைச் செய்ய ஆள் நம் வாய்க்காலிலேயே இருந்திருக்கிறது!

அப்புறம் படிக்க ஆரம்பித்தேன். சின்ன வயதில் கற்ற பிரெஞ்சு இதற்குத்தான் உதவியது. 1816 முதல் 1822 வரை புதுச்சேரியில் இருந்த லெஷனோ என்ற இயற்கை ஆய்வாளர், நம் பக்கத்து மீன்களைச் சேகரித்துப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். கூவியேயும் வாலான்சியெனும் 1828 முதல் 1849 வரை 22 தொகுதிகளாக எழுதிய மீன் நூலில் அவர் அனுப்பியவையும் இடம்பெற்றன. நம் ஜில்லாப் பெருமை ஒன்றும் உண்டு. முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீளும் ஒரு கெண்டைக்கு, 1954-இல் சைலஸ் என்ற இந்திய விஞ்ஞானி தாமிரபரணியின் பெயரையே வைத்தார். ஆற்றின் பெயரைச் சுமக்கும் மீன் நம்மிடம் இருக்க, நாம் தங்கமீனுக்குக் காசு கொடுக்கிறோம்.

2019-இல் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் சாக்குப்பையோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, நீங்கதான் மீனப் பத்திப் படிக்கியளாமே. இது என்ன எளவுன்னு சொல்லுங்க. வலையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு."

சாக்கைத் திறந்தால் உடம்பெல்லாம் ஓடு, துடுப்பில் முள்ளு. தண்ணீரை விட்டு எடுத்து ரொம்ப நேரம் ஆகியும் உயிர் இருந்தது. தென்னமெரிக்காவில் பிறந்த மீன். தண்ணீரில் காற்று குறைந்தாலும் மேலே வந்து வெளிக்காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். நம் கெண்டையும் அயிரையும் மேயும் பாசியை வழித்துத் தின்றுவிடும்.

"எவனோ வீட்ல வளத்தவன் கொண்டாந்து விட்டிருக்கான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. "எனக்கு இது வேணும். இனி எத்தனை பிடிச்சாலும் நானே காசு கொடுத்து வாங்கிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் நாட்டு மீன் கூட்டம் ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1972 முதலே நாட்டு மீன் பிரியர்களுக்குச் சங்கம் இருக்கிறது. எங்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. டீக்கடைக்காரர் ஒருவர், மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர், கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை, ஏழெட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஞாயிறு காலை என் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். சந்தா கிடையாது, ஆனால் ரெஜிஸ்டர் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் எழுதிய கை சும்மா இருக்குமா? தேதி, மீன், பிடித்த இடம், எண்ணிக்கை, இப்போதைய நிலை என்று கட்டம் போட்டு எழுதுவேன்.

அங்கத்தினர் சேவை என்றால் பெரும்பாலும் போன்தான். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பையன், "தாத்தா, மீனு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது" என்பான். "குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தினியாடா?" என்றால் பதில் வராது. குளோரின் போட்ட தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்து ஊற்ற வேண்டும். மொத்தத் தண்ணீரையும் மாற்றாமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்ற வேண்டும். தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மேல் போடக் கூடாது. பசியால் சாகிற மீனைவிட நம் பாசத்தால் சாகிற மீன்தான் அதிகம்.

எங்களுக்கு மூன்றே விதி. மலைக்காட்டு ஓடையில் கை வைக்கக் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே பிடிப்பது குற்றம். வாய்க்காலில் பிடித்தாலும் ஆளுக்குப் பத்துக்கு மேல் கூடாது. மூன்றாவது, தொட்டிக்கு வந்த மீன் எதுவானாலும் திரும்பக் குளத்துக்கோ ஆற்றுக்கோ போகக் கூடாது. வேண்டாம் என்றால் என்னிடம் கொடுக்கலாம், ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கதவைத் தட்டலாம். இந்த மூன்றாவது விதியில் நான் காட்டுகிற கடுமையைப் பார்த்து, "சார், இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோவம்?" என்று டீக்கடைக்காரர் ஒரு தடவை கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன்.

ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. குத்தகைக்காரரிடம் வாங்கிய முள்ளு மீன் இதுவரை 63. எல்லாம் மச்சினன் தோட்டத்து எலுமிச்சை மரத்தூரில் உரமாகிவிட்டன. அவை என் நாலு மீனின் வாரிசுகளா, வேறு யாரும் விட்டதா, தெரியாது. தெரியாது என்பதற்காக அந்தக் கணக்கை மூடவும் முடியவில்லை.

போன மாதம் துணிந்து அவரிடம் போனேன். 2014 ஐப்பசி மழை, வாளி, எல்லாவற்றையும் சொன்னேன். பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுச் சிரித்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. திங்க ஒதவாத மீன எவன் சும்மா காசு குடுத்து வாங்குவான்?"

ஆக, இத்தனை வருஷம் முதுகில் மீனோடுதான் திரிந்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். ஒரு சுட்டிப் பயல் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கி, 'அங்கத்தினர் தவறுகள்' என்று புதுத் தலைப்பு போட்டு, முதல் வரியில் என் பெயரை எழுதினான். சரிதான் என்று கீழே கையெழுத்துப் போட்டேன்.

நண்பர்களே, பேரப்பிள்ளைகள் சலித்துப்போட்ட மீன் உங்கள் வீட்டிலும் இருக்கும். தயவுசெய்து குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். என் திண்ணைக்குக் கொண்டு வாருங்கள். காப்பியும் உண்டு.